ஏரம்பு மாமா சுகமென்று சொன்ன வருடம்

என் மாமனார் ஏரம்புவிடம் சுகம் விசாரித்து நல்ல பதில் வாங்கியவர்கள் யாழ்ப்பாணத்தில் இல்லை. நான் அவருடைய மகளைக் கட்டி இருபத்துமூன்று வருடமாகிறது. இந்த இருபத்துமூன்று வருடத்தில் அவர் ஒருநாள்கூட நன்றாக இருந்ததில்லை. அதாவது, அவர் வாய்ப்படி. “எப்பிடி ஐயா சுகம்?” என்று யாராவது கேட்டுவிட்டால் முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு முகத்தைச் சுருக்கிக்கொண்டு, “என்னத்தைச் சொல்ல, ஏதோ இழுபடுது” என்பார். அந்த நேரம் அவருடைய சைக்கிள் கரியரில் இரண்டு இதரை வாழைக்குலை கட்டியிருக்கும். கொக்குவிலிலிருந்து மருதனார்மடத்துக்கு அதை மிதித்துக்கொண்டு போகிற வழியில்தான் மனுசன் இழுபடுகிறார்.

அவரில் மட்டும் பிழை சொல்லக்கூடாது. மருதனார்மடம் சந்தையில் நாற்பத்தொரு வருடம் வாழைக்குலை விற்றவர். அங்கே ஒருவன் ‘யாவாரம் நல்லம்’ என்று வாய் தவறிச் சொன்னால், அடுத்த நாளே தோட்டக்காரன் குலைக்கு விலை ஏற்றுவான். பக்கத்துக் கொட்டில்காரனுக்கு வயிறு எரியும். போதாததற்கு நாவூறு வேறு. குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால் பின்னேரமே மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுகிற சனம் நாங்கள். ஆகவே அந்தச் சந்தையில் வியாபாரம் எப்போதும் படுத்தே கிடக்கும், உடம்பு எப்போதும் ஏலாமலே இருக்கும். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள்.

நானோ மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிறவன். காட்டுகிற இலக்கத்தை எழுதுவது என் தொழில். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி சிவகௌரி சொல்லுவாள். இருக்கட்டும். இப்படிப்பட்ட ஒருவனுக்கு அப்படிப்பட்ட ஒரு மாமனார் வாய்த்தால் கோபம் வராமல் வேறென்ன வரும்? மாமி காலமான பிறகு அவரும் எங்களோடு ஒரே வீட்டில். ஒரு நாளைக்கு மூன்று தரமாவது எனக்குக் காது சூடாகும்.

பத்து வருடத்துக்கு முன், எழுபத்துநான்கு வயதில், அவர் சந்தையில் தலைசுற்றி விழுந்தார். யாழ்ப்பாணத்தில் பார்த்த டொக்டர், இதயத்திலிருந்து இரத்தம் வெளியே போகிற வாசலில் இருக்கும் வால்வு இறுகிப்போய்விட்டது என்றார். நெஞ்சைப் பிளந்து மாற்றலாம்; ஆனால் மாமா முப்பது வருடம் சுருட்டு ஊதிய நெஞ்சு, தாங்காது என்றார்கள். கொழும்பில் ஓர் ஆசுப்பத்திரியில் வேறு வழி இருந்தது. தொடையடியில் ஒரு சின்னத் துளை போட்டு, இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, சுருக்கி வைத்த புது வால்வை அதன் வழியே கொண்டுபோய் இதயத்தில் விரித்துவிடுவது. செய்தார்கள். மூன்றாம் நாள் மாமா வாட்டில் எழும்பி நடந்து, சிற்றூழியர் ஒருவரைப் பிடித்துப் புறக்கோட்டைச் சந்தையில் கதலி என்ன விலை போகுது என்று விசாரித்துக்கொண்டு நின்றார்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டொக்டர் ஒரு விசயம் கேட்டார். இந்த வால்வு வைத்தவர்கள் பத்து வருடத்துக்கு எப்படி இருக்கிறார்கள் என்று அவர்கள் கணக்கெடுக்கிறார்களாம். வருடத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்கான், ஒருமுறை ரெலிபோனில் சில கேள்விகள். சம்மதமா? மாமா உடனே தலையாட்டினார். தன் வருத்தத்தைக் கேட்க ஒரு ஆள் வருடா வருடம் கொழும்பிலிருந்து ரெலிபோன் எடுக்கப்போகிறார் என்றால் அவருக்குக் கசக்குமா?

கேள்வி கேட்கிற பிள்ளையின் பெயர் நிவேதனா. பருத்தித்துறைக்காரி, அந்த ஆசுப்பத்திரியில் தாதி. முதல் வருடம் நானும் பக்கத்தில் இருந்தேன். ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

“ஐயா, தனிய முழுகி உடுப்பு மாத்த ஏலுதோ?”

“அதை ஏன் பிள்ளை கேக்கிறாய்,” என்று தொடங்கினார் மாமா. “ஒரு வாளி தண்ணி அள்ளுறதுக்குள்ளை சீவன் போய் வருது. முந்தி நான் ஆர் தெரியுமே? துலா மிதிச்ச ஆள். இப்ப பார், ஒரு சிரட்டை தண்ணிக்கும் பெலனில்லை.”

அன்று விடியற்காலை அவர் இருபத்தைந்து வாளி அள்ளி வாழைக்கு ஊற்றியிருந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தவன்.

“நூறு யார் தூரம் நடந்தால் களைக்குதோ?”

“நூறு யாரோ? படலைக்குப் போய் வாறதே பெரிய பாடு.”

இப்படியே பன்னிரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம், மூச்சு விடாமல். முடிவில் அந்தப் பிள்ளை கூட்டிப் பார்த்துச் சொன்ன புள்ளி நூற்றுக்கு இருபத்தொன்பது. நூறென்றால் பூரண சுகமாம். இருபத்தொன்பது என்றால் கட்டிலோடு கிடக்கிற ஆள் என்று அர்த்தம். மாமா ரெலிபோனை வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிச் சந்தைக்குப் போனார்.

“மாமா, ஏன் அந்தப் பிள்ளைக்கு உந்தப் பொய்?” என்று பின்னேரம் கேட்டேன்.

“பொய்யோ? நல்லாயிருக்கிறன் எண்டு ரெலிபோனிலை சொல்லுறதே, தம்பி? கொழும்பு வரைக்கும் கேக்கும்.”

எட்டு வருடம் இதே கூத்து. முப்பத்தொன்று, இருபத்தெட்டு, ஒருமுறை இருபத்துநாலு. ஸ்கான் எடுத்தால் வால்வு திறந்து மூடுவது வடிவாகத் தெரிகிறது. ரெலிபோனில் கேட்டால் மனிதர் சாகக் கிடக்கிறார். எட்டாம் வருடம் பெரிய டொக்டருக்கே விளங்காமல், நேரில் கொண்டுவரச் சொன்னார். ரெயினில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு நீட்டு விறாந்தையில் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி அளந்தார்கள். சனம் நிரம்பிய விறாந்தை. அவ்வளவு கண்ணுக்கு முன்னால் மாமா விறுக்கு விறுக்கென்று நடப்பாரா? சுவரைப் பிடித்தார். நின்றார். வாங்கிலில் இருந்த ஒருவரிடம், “நீங்கள் எவடம்?” என்று கேட்டு அவருடைய வருத்தத்தையும் முழுதாகக் கேட்டார். ஆறு நிமிடத்தில் நூற்றிப்பத்து மீற்றர்.

டொக்டர் சிரித்தார். “முதல் வருடம் பதினொரு பேருக்கு வைத்தோம். இன்றைக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலிலும் திறமான வால்வு உங்களுடையதுதான், ஐயா. ஆனால் எல்லாரிலும் ஏலாத ஆளும் நீங்கள்தான். எங்களுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.”

அவர் சிரித்தார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும் ரெயினில் மருதானை தாண்டித் தொடங்கியவன் வவுனியா வரைக்கும் நிறுத்தவில்லை. பெட்டியில் இருந்த சனமெல்லாம் கேட்கத்தான் கத்தினேன்.

“அவையள் படிச்ச ஆக்கள். நீங்கள் சொல்லுறதை வைச்சுத்தான் நாளைக்கு வேறை ஆளுக்கு உந்த வால்வு வைக்கிறதோ விடுறதோ எண்டு பாப்பினம். உங்கடை நாவூறுக் கதையாலை ஆரோ ஒருத்தனுக்கு வைக்காமல் விட்டால் அந்தப் பாவம் ஆருக்கு? நல்லாயிருந்தால் நல்லாயிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ மாமா. சொன்னால் வானம் இடிஞ்சு விழாது. ஒருக்கால் எண்டாலும் என்ரை சொல்லைக் கேளுங்கோவன்.”

மாமா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வவுனியாவில் வடை வாங்கிக் கொடுத்தபோது, “சரி தம்பி,” என்றார். அவ்வளவுதான்.

ஒன்பதாம் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிவேதனா ரெலிபோன் எடுத்தாள். மாமா முன் அறைக் கதிரையில் இருந்தார், நான் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தனிய முழுக ஏலுதோ ஐயா?”

“ஓம்.”

“நூறு யார் நடக்கேக்கை களைக்குதோ?”

“இல்லை.”

“இரவிலை மூச்சு முட்டி எழும்புறனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை.”

“மொத்தமாப் பாத்தால், எப்பிடி இருக்கிறியள்?”

“சுகம்.”

தொண்ணூற்றாறு. என் மாமனாருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. பரீட்சையில் பாசான பிள்ளையின் தகப்பன்கூட என்னிடம் தோற்றுப்போவான். நானே குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். இந்த வீட்டில் நான் தேத்தண்ணி ஊற்றியது எத்தனை தரம் என்று சிவகௌரியைக் கேட்டால் தெரியும். அவள் என் சந்தோசத்தில் சேரவில்லை. “அப்பா என்ன இண்டைக்கு ஒரு மாதிரிக் கதைக்கிறார்,” என்றாள். “ஒரு மாதிரியோ? இண்டைக்குத்தான் மனுசன் நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்,” என்று அவள் வாயையும் அடைத்தேன்.

அன்று பின்னேரம் நிவேதனா திரும்ப எடுத்தாள், தன் சொந்த ரெலிபோனிலிருந்து.

“அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. ஐயாவை எப்பன் வடிவாப் பாருங்கோ.”

“ஏன் பிள்ளை? தொண்ணூத்தாறு எண்டியள்.”

“அதுதான் அண்ணை பயமாக் கிடக்கு. எட்டு வருசமா ஒரு கேள்விக்கு அஞ்சு நிமிசம் கதைச்ச மனுசன். இண்டைக்கு ஒரு சொல்லுக்கு மேலை கதைக்கேல்லை. அந்த ஒரு சொல்லுக்கும் முதல் மூச்செடுத்துப்போட்டுத்தான் சொன்னவர், எனக்குக் கேட்டது. எங்கடை அப்பாவும் வருசம் முழுக்க ஏலாது, ஏலாது எண்டுதான் சொல்லுறவர். கடைசி மாதம்தான் தனக்கு ஒண்டுமில்லை எண்டவர். நான் நம்பிப்போட்டன் அண்ணை.”

ரெலிபோனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். மாமாவின் சைக்கிள் பின் பத்திக் கொட்டிலுக்குள் நின்றது. சீற்றில் தூசி, இரண்டு ரயரிலும் காற்றில்லை. இரண்டு கிழமைக்கு முன் “பஞ்சர் தம்பி, பேந்து ஒட்டுவம்” என்று சொல்லியிருந்தார். நானும் ஓமென்றுவிட்டுப் போயிருந்தேன். வாழையடியில் மண் காய்ந்து வெடித்திருந்தது. அவருடைய கட்டிலில் மூன்று தலையணை, தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறவர் அடுக்குவதுபோல. மாமா கதிரையிலேயே சாய்ந்து நித்திரையாயிருந்தார். குனிந்து கால்மாட்டைப் பார்த்தேன். கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. ஒரு நாளைக்கு எண்பது வீட்டுப் படலை திறந்து இலக்கம் பார்க்கிறவன் நான். என் வீட்டுக்குள் பார்க்கவில்லை. வெட்கக்கேடு.

அடுத்த நாளே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வருடாந்த ஸ்கானுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதுவரை விட்டிருந்தால் ஸ்கானுக்கு ஆள் இருந்திருக்காது என்று அங்கே இருந்த டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். வால்வின் மூன்று இதழில் இரண்டு இறுகி அசையாமல் நின்றன. சிலருக்குப் பத்து, பன்னிரண்டு வருடம் மெல்ல மெல்லத்தான் பழுதாகுமாம். மாமாவுக்கு ஒரு வருடத்துக்குள் கெதியாக வந்துவிட்டது. அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள். நுரையீரலில் நின்ற நீரை மருந்து கொடுத்து இறக்கிய பிறகு பெரிய டொக்டர் எங்களை இருத்திச் சொன்னார். பழைய வால்வுக்குள்ளேயே புதிய ஒன்றை, முன்போலக் குழாய் வழியாக, வைக்கலாம். எண்பத்துமூன்று வயது, மேசையிலேயே ஏதும் நடக்கலாம், பாரிசவாதம் வரலாம். வைக்காமல் விட்டால் சில மாதம். முடிவை ஐயாதான் எடுக்கவேண்டும், நாளைக் காலைக்குள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. இதை நான் எழுதுகிற நேரம் மாமா பின்வளவில் நின்று, குலை வெட்ட வந்தவனோடு சண்டை பிடிக்கிறார். சத்தம் இங்கே கேட்கிறது. அதனால்தான் என்னால் இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது. அன்றைக்கு நிதானமில்லை.

அன்று பின்னேரம், நோயாளரைப் பார்க்க விடுகிற நேரம். சிவகௌரி சுடுதண்ணி எடுக்கக் கன்ரீனுக்குப் போயிருந்தாள். மாமா கட்டிலில் முதுகுக்கு அண்டைகொடுத்துச் சாய்ந்திருந்தார், மூக்கில் ஒட்சிசன் குழாய். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனவன், போனவுடன் கேட்டுவிட்டேன்.

“ஏன் மாமா எனக்குச் சொல்லேல்லை? எத்தினை நாளாக் களைச்சது?”

“ஒரு ரெண்டு மாதம் இருக்கும்.”

“ரெண்டு மாதம் இருந்துபோட்டு அந்தப் பிள்ளைக்குச் சுகமெண்டு சொன்னீங்களே?”

“நீங்கள்தானே தம்பி அப்பிடிச் சொல்லச் சொன்னியள்.” மூச்சு வாங்கிக்கொண்டு மெல்லமெல்லச் சொன்னார். “இருபத்திரண்டு வருசம் நான் சொன்ன ஒரு கதையும் உங்களுக்குப் பிடிக்கேல்லை. இது முடியப்போகுது எண்டு எனக்குத் தெரியும். போகமுதல் ஒருக்கால் உங்களுக்குப் பிடிச்ச மாதிரிச் சொல்லுவம் எண்டு பாத்தன். சொன்ன உடனை உங்கடை முகத்தைப் பாக்கவேணுமே. நீங்களே போய்த் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தியள்.”

எனக்கு அழுகை வந்தது. வாட்டில் பதினாறு கட்டில், அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சுருட்டுக்காரக் கிழவனுக்கு முன்னால், மின்சார சபை உத்தியோகத்தன் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அவருடைய பொய்க்காக அல்ல. எட்டு வருடமாக அவர் வாய் ஓயாமல் முறையிட்டது அவர் சுகமாயிருந்த சத்தம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதைத்தான் நான் வவுனியா வரைக்கும் கத்தி நிறுத்தினேன்.

“அழாதையுங்கோ தம்பி, சனம் பாக்குது,” என்றார். தலையணைக்குக் கீழே மடித்து வைத்திருந்த சம்மதப் பத்திரத்தை எடுத்து என் கையில் தந்தார். “உதை வாசிச்சன். என்னாலை முடிவெடுக்கேலாது. கௌரியைக் கேட்டால் அழுவாள். நீங்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுற ஆள். செய்யவோ, விடவோ? நீங்கள் சொன்னால் சரி.”

இருபத்திரண்டு வருடமாக அவருக்கு எல்லாம் சொன்னவன் நான். எப்படிக் குளிப்பது, எதைச் சாப்பிடுவது, எந்த வழியால் சைக்கிள் ஓடுவது, எதை எப்படிச் சொல்லுவது. அன்று என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. செய்யச் சொல்லி அவர் மேசையில் போனால்? விடச் சொல்லி அவர் என் கண்முன்னால் மூச்சுத் திணறினால்? பத்திரத்தை மடித்தேன், திறந்தேன். எழுத்துகள் தெரியவில்லை.

“எனக்குத் தெரியேல்லை மாமா,” என்றேன். “எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்கள் இல்லாமல் அந்த வீட்டிலை நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?”

மாமா கையை நீட்டிப் பத்திரத்தை வாங்கினார்; என் சட்டைப் பையிலிருந்த பேனையையும் அவரே எடுத்தார்.

“அப்ப செய்வம்,” என்றார். “நீங்கள் பயந்துகொண்டிருக்க நான் என்னெண்டு போறது?”